முதுகு வலிக்கும் ஒரு கணக்கு வேண்டும்

எண் சாண் உடம்புக்குத் தலையே பிரதானம் என்பது பழமொழி. உழைத்துப் பிழைப்பவனைக் கேட்டால் முதுகே பிரதானம் என்பான். தலைவலி என்றால் ஒரு மாத்திரையைப் போட்டுக் கொண்டு வேலைக்குப் போய் விடலாம். முதுகு பிடித்துக் கொண்டால் பாயை விட்டு எழுந்திருப்பதே பெரும் வேலையாகி விடுகிறது. சட்டையை மாட்டுவதும் செருப்பைப் போடுவதும்கூடச் சோதனையாகிறது.

ஆனால் இந்த வலிக்கு மட்டும் மரியாதை கிடையாது. காய்ச்சலைக் காட்டத் தெர்மாமீட்டர் இருக்கிறது. கை முறிந்தால் மாவுக் கட்டு இருக்கிறது. முதுகு வலிக்குச் சாட்சி யார்? வலிப்பவனின் வாய்ச்சொல் ஒன்றுதான். அந்தச் சொல்லை மேஸ்திரி நம்புவதில்லை, சூப்பர்வைசர் நம்புவதில்லை. "வேலை செய்ய மனமில்லை, சாக்குச் சொல்கிறான்" என்ற பேச்சு எளிதாக வந்து விடுகிறது. இந்தப் பேச்சுக்கு அஞ்சியே பலர் வலியை மறைத்துக் கொண்டு வேலைக்குப் போகிறார்கள். அதனால் நஷ்டப்படுவது அவர்கள் மட்டுமல்ல, வேலையும் நஷ்டப்படுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ம் ஆண்டில் உலகில் 61.9 கோடிப் பேர் இடுப்பு, கீழ் முதுகு வலியால் அவதிப்பட்டார்கள். 2050-ல் இது 84.3 கோடியாக உயரும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மனிதனை முடக்கிப் போடும் காரணங்களில் உலகிலேயே முதலிடம் இந்த வலிக்குத்தான். இவ்வளவு பெரிய துன்பத்தைத் தனி மனிதனின் பலவீனம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. இதைப் பற்றிப் பேசுவதற்குக் கோலார் தங்க வயலைவிடப் பொருத்தமான இடமும் வேறு இல்லை.

தங்கம் எடுத்த முதுகுகள்

1880-ம் ஆண்டுவாக்கில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி இங்கே கால் வைத்தது. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. இடைப்பட்ட 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் பூமிக்கு அடியிலிருந்து மேலே வந்தது. அதை எடுத்துக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தமிழர்கள். அவர்களிலும் மிகப் பலர் சொந்த ஊரில் ஒரு குழி நிலமும் இல்லாத ஒடுக்கப்பட்ட மக்கள். அவர்கள் கொண்டு வந்த மூலதனம் உடம்பு ஒன்றுதான்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குச் சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று என்று அது பெயர் பெற்றது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. தங்கம் கலந்த பாறையோ மலை போல் பரந்து கிடப்பதல்ல. சில அடி அகலமுள்ள ரேகையாக ஓடுவது. அந்த இடுக்கில் உடம்பைக் கோணிக் கொண்டும் குனிந்து கொண்டும் வேலை செய்தாக வேண்டும். துளை போடும் ஜாக்ஹாமரின் பாரத்தையும் அதிர்ச்சியையும் தாங்க வேண்டும். வெடி வைத்துப் பெயர்த்த கல்லை அள்ளி ட்ராலியில் போட வேண்டும். ட்ராலியைத் தள்ள வேண்டும். மேற்பாறை சரியாமல் இருக்கக் கருங்கல்லை அடுக்கித் தாங்கு சுவர் எழுப்ப வேண்டும். பிறகு வேர்வையில் நனைந்த உடம்போடு கேஜில் ஏறி மேலே வந்து, மைனிங் லைனில் ஒரு சிறு வீட்டில் தரையில் படுக்க வேண்டும். மறு நாள் மீண்டும் ஷிப்டு.

முதுகெலும்பு சிறு எலும்புகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய கம்பம் போன்றது. இரண்டு எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் எனப்படும் மெத்தை போன்ற தட்டு இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும்போது பாரம் சீராக இறங்குகிறது. குனிந்தபடி எடை தூக்கும்போது கீழ் முதுகின் தட்டுகள் மீது அழுத்தம் பல மடங்கு ஏறுகிறது. 1960-களில் ஸ்வீடன் நாட்டு டாக்டர் ஆல்ஃப் நாகெம்சன் இந்தத் தட்டுகளுக்குள் ஊசியைச் செலுத்தி, குனிவதும் சுமப்பதும் அழுத்தத்தை எவ்வளவு கூட்டுகின்றன என்று அளந்து காட்டினார். சுரங்கத் தொழிலாளியின் வேலை முழுவதுமே குனிவதும் சுமப்பதும்தான் என்பதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

எக்ஸ்ரேயில் தெரிந்ததும் தெரியாததும்

தங்க வயல் என்றதும் தொழில் நோய் பற்றி அறிந்தவர்கள் நினைப்பது சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயைத்தான். பாறைத் தூசியைச் சுவாசிப்பதால் வரும் இந்த நோய் இந்தியாவில் முதன் முதலில் 1934-ம் ஆண்டில் கோலார் சுரங்கத்திலிருந்துதான் அறிவிக்கப்பட்டது. எக்ஸ்ரே படத்தில் நுரையீரலின் தழும்பு தெரிந்தது. தெரிந்ததை எண்ணினார்கள். எண்ணியதை மறுக்க முடியவில்லை. இறுதியில் நஷ்ட ஈட்டுக்குரிய தொழில் நோயாகச் சட்டத்தில் அது இடம் பெற்றது. அந்த நஷ்ட ஈடு எல்லோருக்கும் ஒழுங்காகக் கிடைத்ததா என்பது வேறு வழக்கு. நோய் நோய்தான் என்றாவது ஒப்புக் கொள்ளப்பட்டது.

முதுகுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. முதுகு வலிக்காரர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு, இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று எக்ஸ்ரேயில் சுட்டிக் காட்ட முடிவதில்லை. மறுபக்கம், படத்தில் தேய்மானம் தெரிகிறவர்களில் பலர் வலியே இல்லாமல் நடமாடுகிறார்கள். படத்தில் தெரியவில்லை என்பதால் வலி பொய்யாகி விடாது. ஆனால் நஷ்ட ஈட்டுக் கணக்கில் அது பொய்யாகவே ஆகி விட்டது.

1923-ம் ஆண்டின் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தில் தொழில் நோய்களுக்கென்று ஓர் அட்டவணை இருந்தது. அதில் முதுகு வலிக்கு இடமில்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அத்தகைய அட்டவணை உண்டு. அதிலும் முதுகு வலிக்கு இடமில்லை. வேலையில் கீழே விழுந்து முதுகெலும்பு முறிந்தால் அது விபத்து. நஷ்ட ஈடு கேட்கலாம். இருபது வருஷம் பாரம் தூக்கியதாலேயே முதுகு கெட்டுப் போனால் அது வயதின் கோளாறு! ஒரே நாளில் முறிந்தால் கணக்கு உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக முறிந்தால் கணக்கு இல்லை.

இது உலக நியதி அல்ல. ஜெர்மனியில் 1993-ம் ஆண்டு முதல் வேறு வழி பிறந்திருக்கிறது. நெடுங்காலம் பாரம் தூக்கியோ, மிகவும் குனிந்த நிலையில் உழைத்தோ இடுப்புப் பகுதியின் டிஸ்க் கெட்டால், உரிய நிரூபணத்தின் பேரில் அதைத் தொழில் நோயாக ஏற்கிறார்கள். அதிரும் வண்டிகளை உட்கார்ந்தபடி நெடுங்காலம் ஓட்டியவர்களுக்கும் அங்கே தனி இடம் உண்டு. அங்கேயும் முதுகு எக்ஸ்ரேக்கு எளிதில் அகப்படாத முதுகுதான். எத்தனை ஆண்டு, எவ்வளவு எடை, எந்த நிலையில் என்று வேலையின் வரலாற்றையும் சேர்த்துக் கேட்டு முடிவு செய்கிறார்கள். மனம் இருந்தால் மார்க்கம் உண்டு.

சுரங்கம் மூடிய பின்

சுரங்கம் மூடியதோடு தங்க வயல்காரர்களின் முதுகுக்கு விடுதலை கிடைத்து விடவில்லை. பாரம் இடம் மாறியது, அவ்வளவுதான். அதிகாலையில் மாரிக்குப்பத்திலிருந்தும் ஊர்காமிலிருந்தும் கொரமண்டலிலிருந்தும் ரயில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரு வழிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். உட்கார இடம் கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி. கிடைக்காதவர் கம்பியைப் பிடித்துக் கொண்டு நின்று விட்டுத்தான் அன்றைய வேலையைத் தொடங்குகிறார். இரவு திரும்பும்போதும் அதே கதை.

போகிற வேலைகளைப் பாருங்கள். தையல் ஆலையில் ஒரு பெண் நாள் முழுவதும் மெஷின் மேல் கவிழ்ந்திருக்கிறாள். காவல்காரர் ஷிப்டு முழுவதும் நிற்கிறார். கிடங்கில் இருப்பவர் பெட்டிகளை ஏற்றி இறக்குகிறார். கட்டட வேலைக்காரர் 50 கிலோ சிமெண்ட் மூட்டையைத் தூக்குகிறார். குமாஸ்தா வேலை சுகமான வேலை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். பலகை நாற்காலியில், கம்ப்யூட்டர் திரைக்கு எதிரே கழுத்தை நீட்டிக் கொண்டு எட்டு மணி நேரம் அசையாமல் இருப்பவருக்கும் மாலையில் இடுப்பு கழன்று போகிறது. தையல் ஆலைப் பெண்ணுக்கு வீட்டுக்கு வந்ததும் இரண்டாவது ஷிப்டு காத்திருக்கிறது: தண்ணீர்க் குடம், துணி, சமையல், குழந்தை. அந்த ஷிப்டுக்குச் சம்பளமும் இல்லை, லீவும் இல்லை.

வலியோடு வேலைக்கு வருகிறவர் ரிஜிஸ்தரில் ஆஜர். ஆனால் வேலையில் பாதிதான் ஆஜர். வலி கவனத்தைத் தின்கிறது. இரவுத் தூக்கத்தைக் கெடுக்கிறது. தூக்கம் கெட்டவர் கணக்கில் தப்புப் போடுகிறார். மெஷினில் கை தவறுகிறார். மேலதிகாரியின் சிறு சொல்லும் சுருக்கென்று தைக்கிறது. ஓவர்டைம் போக முடியாததால் வரும்படி குறைகிறது. நல்ல சம்பளமுள்ள வேலையை விட்டு, உடம்பு தாங்கும் சின்ன வேலையைத் தேட வேண்டியிருக்கிறது. நேற்று வரை தன் தொழிலில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவனுக்கு இந்த இறக்கம் வலியைவிடப் பெரிய வலி. எத்தனை பேர் வரவில்லை என்று மட்டும் எண்ணும் நிர்வாகம், வந்தும் முடியாமல் இருப்பவர்களை எண்ணுவதில்லை.

மனநிறைவும் முதுகும்

வலி வேலையின் மகிழ்ச்சியைக் கெடுக்கிறது என்பது எல்லோரும் அறிந்தது. இதன் மறுபக்கம் பலர் அறியாதது. அமெரிக்காவில் போயிங் விமானத் தொழிற்சாலையில் 3,020 தொழிலாளர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1991-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார்கள். யாருக்கு முதுகு வலி வரும் என்பதை உடல் பலச் சோதனைகளால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. "என் வேலையில் எனக்குச் சந்தோஷமே இல்லை" என்று சொன்னவர்கள், சந்தோஷமாக வேலை செய்கிறோம் என்றவர்களைவிட இரண்டரை மடங்கு அதிகமாகப் பின்னாளில் முதுகு வலி என்று வந்தார்கள்.

இதைப் பிடித்துக் கொண்டு, "பார்த்தீர்களா, எல்லாம் மனப் பிரமை" என்று நிர்வாகத்தினர் சொல்லக் கூடும். அது தவறான பாடம். வலி உண்மையானது. உற்சாகமாக இருக்கும்போது தாங்கிக் கொள்ளும் அதே வலி, அவமானமும் அவசரமும் நாளைக்கு வேலை இருக்குமோ என்ற பயமும் சேரும்போது தாங்க முடியாததாகிறது. தசைகள் இறுகுகின்றன, தூக்கம் போகிறது, வலி நிலைத்து விடுகிறது. ஆகவே முதுகைக் காப்பாற்ற வேண்டுமானால் மூட்டையின் எடையை மட்டும் குறைத்தால் போதாது. மேஸ்திரியின் வாயையும் கொஞ்சம் அடக்க வேண்டியிருக்கிறது. தன் வேலையின் வேகத்தைத் தானே ஓரளவு தீர்மானிக்கவும், முடியாதபோது முடியவில்லை என்று பயமின்றிச் சொல்லவும் தொழிலாளிக்கு இடம் வேண்டும்.

மாறி விட்ட வைத்தியம்

முதுகு வலி என்றால் பலகையில் ஒரு மாதம் படுக்க வேண்டும் என்பது பழைய வைத்தியம். அது மாறி விட்டது. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர்களை வைத்து நடத்திய ஆராய்ச்சி 1995-ல் வெளியாயிற்று. படுக்கையில் கிடந்தவர்களைவிட, முடிந்த அளவு வழக்கமான நடமாட்டத்தைத் தொடர்ந்தவர்களே சீக்கிரம் குணமடைந்தார்கள். நாட்பட்ட முதுகு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட யோசனைகளும் இதே திசையில்தான் இருக்கின்றன: நோயாளிக்கு விளக்கம், உடற்பயிற்சி, மனத்துக்குத் தெம்பு. இடுப்பு பெல்ட்டையும் எடை கட்டி இழுக்கும் வைத்தியத்தையும் வழக்கமாகக் கையாள வேண்டாம் என்று அது சொல்கிறது. மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்கும் வலி மாத்திரையை மாதக் கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

ஆனால் நடமாட வேண்டும் என்பதற்கு மறு நாளே மூட்டை தூக்க வேண்டும் என்று அர்த்தமல்ல. நடக்கலாம், இலேசான வேலை செய்யலாம், மெல்ல மெல்லப் பழைய வேலைக்குத் திரும்பலாம். அப்படிப்பட்ட இலேசான வேலையைச் சில வாரங்களுக்குக் கொடுக்க முதலாளி முன்வராவிட்டால் டாக்டரின் யோசனை காகிதத்தோடு நின்று விடும்.

சில அறிகுறிகளை மட்டும் ஒரு நாளும் அசட்டை செய்யக் கூடாது. காலில் பலம் குறைவது, இருக்கும் இடம் மரத்துப் போவது, சிறுநீர், மலம் அடக்க முடியாமலோ கழிக்க முடியாமலோ போவது ஆகியவை தோன்றினால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதுகு வலியோடு காய்ச்சலும் உடம்பு இளைப்பும் சேர்ந்தால் முதுகெலும்புக் காச நோயாக இருக்கலாம். சிலிகோசிஸ் உள்ளவர்களைக் காச நோய் எளிதில் பற்றும் என்பதால், பழைய சுரங்கத் தொழிலாளர்கள் இதில் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது.

கேட்டுப் பெற வேண்டியவை

கையில் இருக்கும் உரிமைகளே பலருக்குத் தெரிவதில்லை. இ.எஸ்.ஐ. திட்டத்தில் இருப்பவர், நோயால் வேலைக்குப் போக முடியாதபோது, சந்தா நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் பெறலாம். நீண்ட கால நோய்கள் என்று அத்திட்டத்தில் தனிப் பட்டியல் ஒன்று இருக்கிறது. டிஸ்க் பிதுங்கும் நோய் அந்தப் பட்டியலில் உண்டு. இரண்டு ஆண்டு தொடர் வேலையும் உரிய சந்தாவும் இருந்தால், இந்த நோய்க்கு 80 சதவீத உதவித்தொகை நீண்ட காலத்துக்குக் கிடைக்க வழியிருக்கிறது. கான்டிராக்டில் வேலை செய்பவர்கள் தங்கள் பெயரில் இ.எஸ்.ஐ. சந்தா கட்டப்படுகிறதா என்பதை இன்றே பார்த்துக் கொள்ள வேண்டும். முதுகு பிடித்த பிறகு பார்த்துப் பயனில்லை.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. கடைகளில் நாள் முழுவதும் நின்றே வேலை செய்த பெண்கள் கேரளத்தில் உட்காரும் உரிமை கேட்டுக் குரல் எழுப்பினார்கள். 2018-ல் அங்கே அதற்குச் சட்டத்தில் வழி செய்யப்பட்டது. 2021-ல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. ஒரு ஸ்டூல் என்பது சின்ன விஷயம். அந்தச் சின்ன விஷயத்துக்கே சட்டம் தேவைப்பட்டது என்பதிலிருந்து, கேட்காமல் எதுவும் வராது என்பது விளங்கும்.

தொழிற்சங்கங்கள் போனஸுக்கும் பஞ்சப்படிக்கும் கொடுக்கும் இடத்தில் ஒரு மூலையையாவது முதுகுக்குக் கொடுக்க வேண்டும். சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967-லேயே ஓர் ஆண் தொழிலாளி கையால் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரை செய்தது. அதுவும் உச்ச வரம்புதான். நாள் முழுவதும் தூக்கத் தகுந்த எடை அல்ல. தள்ளு வண்டி, சரியான உயரத்தில் மேஜை, சாய்மானமுள்ள நாற்காலி, மணிக்கு ஒரு முறை சில நிமிஷ ஓய்வு, ஒரே வேலையில் ஒருவரையே நிறுத்தி வைக்காமல் மாற்றி மாற்றிக் கொடுப்பது ஆகிய எதற்கும் கோடிகள் தேவையில்லை. இ.எஸ்.ஐ. டாக்டர்களும், "எங்கே வலிக்கிறது?" என்பதோடு "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்றும் கேட்டுச் சீட்டில் எழுத வேண்டும். அப்படி எழுதி வைத்தால்தான் எந்த வேலை எத்தனை முதுகுகளைக் கெடுக்கிறது என்ற கணக்கு பிறக்கும். அந்தக் கணக்கு இருந்தால்தான் தொழில் நோய் அட்டவணையில் இடம் கேட்க முடியும்.

எக்ஸ்ரேயில் தெரிந்ததால் சிலிகோசிஸுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது. முதுகு வலிக்கு அந்த இடம் கிடைக்க வேண்டுமானால், வலிப்பவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்; கேட்பவர்கள் அதை எழுதி வைக்க வேண்டும். முதுகு ஒடிய உழைத்தான் என்று ஒருவனைப் பாராட்டுவது தமிழில் வழக்கம். உழைப்பவனைப் பாராட்டட்டும், முதுகு ஒடிந்துதான் அந்தப் பெயரை வாங்க வேண்டும் என்ற நிலை மாறட்டும்.